சுடும் கூரையும் சுரங்க மண்ணும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்பது நம் பெரியவர்கள் சொல்லி வைத்த பழமொழி. இரண்டும் கடன் வாங்காமல் முடியாத காரியங்கள் என்பதற்காக மட்டும் அப்படிச் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. எடுத்த முடிவோடு ஆயுள் முழுவதும் வாழ்ந்தாக வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதில் அடங்கியிருக்கிறது. சுவரின் நிறம் பிடிக்கவில்லையென்றால் அடுத்த பொங்கலுக்கு மாற்றிக்கொள்ளலாம். கதவு பிடிக்கவில்லையென்றால் கையில் காசு வரும்போது மாற்றிக்கொள்ளலாம். தலைக்கு மேலே போட்ட தளத்தை எத்தனை பேர் மாற்றியிருக்கிறார்கள்? ஒருமுறை போட்டால் அது நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு நம்மோடுதான் இருக்கும்.

அந்தத் தளத்தைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். நான் ஒரு கொத்தனாரின் மகள். என் தாயார் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் வேலைக்குச் செல்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். ஊரில் எத்தனையோ வீடுகளுக்குச் சுவர் எழுப்பிய என் தந்தையார், இப்போதுதான் தமக்கென ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறார். லிண்டல் மட்டம் வரை வேலை முடிந்துவிட்டது. அடுத்து தளம். ஆகவே எனக்கு இது பாடப்புத்தகச் செய்தி மட்டுமன்று, வீட்டுக் கவலையும்கூட.

நெருப்பை விளைக்கும் ஊர்

நாங்கள் இருப்பது நெய்வேலி நகரியத்தை ஒட்டிய ஒரு சிற்றூர். நகரியத்தின் வட்டங்களுக்குள் நுழைந்தால் சாலையின் இருபுறமும் மரங்கள் குடை பிடிக்கும், வெயில் தெரியாது. வெளியே எங்கள் தெருவுக்கு வந்தால் சித்திரை வெயில் சிமெண்ட் சீட்டுகளின் மேல் நேராக இறங்கும்.

நெய்வேலியின் கதையை நம் மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்குத் துளையிட்டபோது பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1956-ல் நிறுவனம் உருவாயிற்று. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரிப் படலம் கண்ணுக்குத் தெரிந்தது; அடுத்த ஆண்டே மின்சாரமும் பிறந்தது. சோவியத் நாட்டின் துணையோடு எழுந்த அந்த 600 மெகாவாட் முதல் அனல் மின் நிலையம், ஏறக்குறைய 58 ஆண்டுகள் உழைத்துவிட்டு 2020-ல் ஓய்வு பெற்றது. இன்று புதிய நிலையங்கள் அந்தப் பணியைச் செய்கின்றன.

இயற்பியல் படிக்கும் மாணவி என்ற முறையில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நெய்வேலி நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். ஒரு கிலோவை எரித்தால் சுமார் 2,600 முதல் 2,700 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். இது மூன்று யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல். ஆனால் நீராவியாக்கி, சுழலியைச் சுற்றி, மின்சாரமாக மாற்றும்போது மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும். ஆக, ஒரு கிலோ நிலக்கரிக்கு ஒரு யூனிட் என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஒரு கிலோவை எடுக்க அதன் மேலிருக்கும் மண்ணை முதலில் அள்ள வேண்டும். ஒரு டன் நிலக்கரிக்குச் சுமார் ஐந்தரைக் கன மீட்டர் மண். கிலோவுக்குச் சொன்னால் ஐந்தரை லிட்டர், அதாவது அரைக் குடம் மண். அது போதாதென்று, நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் சுரங்கத்தின் தரையே பிளந்து மேலெழும்பிவிடும்.

இப்போது ஒன்றரை டன் ஏசி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். மணிக்கு ஒன்றரை யூனிட் என்று வைத்தால், இரவு எட்டு மணி நேரத்துக்கு 12 யூனிட். அதற்கு 12 கிலோ நிலக்கரி. அதற்காக அள்ளிய மண் 66 லிட்டர். ஒரு குடும்பம் ஓர் இரவு குளிர்ச்சியாக உறங்க, நம் மண்ணில் இத்தனை பள்ளம். புகைபோக்கி வழியே போகும் கரியமில வாயு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கும் மேல். நெய்வேலியின் பிள்ளைகளாகிய நமக்கு யூனிட் என்பது மின் அட்டையில் எழுதும் வெறும் எண்ணாக இருக்க முடியாதல்லவா?

கூரை, சீட்டு, கான்கிரீட்

எங்கள் பழைய வீடு கூரை வீடு. பனையோலையும் கரும்புச் சோகையும் வேய்ந்தது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது எனக்கு ஆறு வயது. அன்றைக்குக் கூரை போயிற்று. அடுத்து வந்தது சிமெண்ட் சீட்டு. மழைக்கு ஒழுகாது, ஆண்டுதோறும் வேய வேண்டியதில்லை, தீப்பொறிக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் என் ஆயா மட்டும் இன்றுவரை அந்தச் சீட்டோடு சமாதானம் ஆகவில்லை.

“கூரை வூட்ல காத்து பூந்துக்கும் கண்ணு. சீட்டு வூட்ல வெயிலு பூந்துக்குது” என்பார்.

முதலாமாண்டில் வெப்பவியல் படிக்கும் வரை இதை நான் கிழவியின் புலம்பல் என்றே எண்ணியிருந்தேன். ஆயா சொன்னது அறிவியல் என்பதைச் சோதனைக்கூடத்தில்தான் கண்டேன். மோசமான கடத்திகளின் வெப்பக் கடத்துத்திறனை லீ தட்டு முறையில் அளக்கும் சோதனை நம் துறையில் எல்லாருக்கும் தெரியும். மேலே நீராவிப் பெட்டி, கீழே பித்தளைத் தட்டு, நடுவே ஒரு மெல்லிய அட்டை. மேலே 100 டிகிரி நீராவி ஓடிக்கொண்டிருக்க, அட்டைக்குக் கீழே இருக்கும் தட்டு அவ்வளவு சுலபமாகச் சூடேறுவதில்லை. நிமிடங்களை எண்ணிக்கொண்டு நின்றபோது என் மனத்தில் தோன்றியது இதுதான்: நீராவிப் பெட்டிதான் சூரியன், பித்தளைத் தட்டுதான் நாம், நடுவே இருக்கும் அந்த அட்டைதான் கூரை.

நடுவே எதை வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடத்துத்திறனை வாட், மீட்டர், கெல்வின் அலகில் சொன்னால், இரும்புக்குச் சுமார் 50. கான்கிரீட்டுக்குச் சுமார் 1.5, செங்கல்லுக்கு 0.6 முதல் 0.8 வரை, தெர்மாகோலுக்கு 0.035 அளவுதான். அசையாமல் அடைபட்ட காற்றுக்கு இன்னும் குறைவு, 0.026. உண்மையில் தெர்மாகோல் என்பது சின்னஞ்சிறு அறைகளில் அடைத்து வைத்த காற்றேயன்றி வேறில்லை. ஓலைக்கும் ஓலைக்கும் இடையே, சோகைக்கும் சோகைக்கும் இடையே நின்றதும் அதே காற்றுதான். கூரை வேய்ந்த நம் முன்னோர் காற்றை அடைத்து வைக்கும் கலையைக் கையால் அறிந்திருந்தார்கள். அரை அங்குலம்கூட இல்லாத சீட்டில் அந்தக் காற்றுக்கு இடமில்லை. சூரியன் சுட்ட சீட்டு, அடுப்புத் தட்டைப் போல நம் மேல் கதிர்வீசுகிறது. கீழே சுழலும் மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் வாரி இறைக்கிறது.

கான்கிரீட் தளம் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடுமா? பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். பகலில் ஓரளவு தீரும். ஆனால் கான்கிரீட் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை இரவு பத்து மணிக்கு மேல் அறைக்குள் மெல்ல மெல்லக் கக்கும். மாடி வீட்டுக்காரர்கள் கோடையில் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பாய் விரிப்பது இதனால்தான்.

மீனுக்குக் கிடைத்த வீடு

கடலூர் முதுநகரிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவருபவரைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஐஸ், அதற்குள் மீன். நாற்பது கிலோமீட்டர் வெயிலில் வந்தாலும் பெட்டியைத் திறக்கும்போது ஐஸ் அப்படியே இருக்கும். மீனுக்குக் கிடைத்த வீடு மனிதனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஒருநாள் எண்ணினேன். பிறகு நூலகத்தில் தேடிப் பார்த்தபோது, அந்தக் கேள்வியை உலகம் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டது என்று தெரிந்தது.

அமெரிக்காவின் மேடிசன் நகரில் உள்ள வனப்பொருள் ஆய்வுக்கூடம் 1935-ல் ஒட்டுப்பலகைகளைக் கொண்டு, பலகையே சுவராகவும் தூணாகவும் பாரம் தாங்கும் ஒரு சோதனை வீட்டைக் கட்டியது. 1952-ல் ஆல்டன் டவ் என்ற கட்டடக் கலைஞர் அப்பலகைகளின் நடுவே நுரைப்பொருளை வைத்தார். அதுவே இன்று உலகெங்கும் வழங்கும் சாண்ட்விச் பலகையின் தொடக்கம். இரண்டு கெட்டியான தகடுகள். நடுவே கனமான நுரை. மூன்றும் ஒட்டி ஒன்றாகிவிட்டவை.

இதன் வலிமை எங்கிருந்து வருகிறது? டி.வி. வாங்கும்போது வரும் அட்டைப் பெட்டியை எடுத்துப் பாருங்கள். இரண்டு காகிதங்களுக்கு நடுவே நெளிநெளியாக ஒரு காகிதம். தனித்தனியே பிரித்தால் கிழியும். ஒன்றாக ஒட்டியிருக்கும்போது ஆளையே தாங்கும். பலகை வளைய முயலும்போது மேல் தகடு அமுங்க வேண்டும், கீழ்த் தகடு நீள வேண்டும். நடுவே உள்ள நுரை அவ்விரண்டையும் விலகாமல், நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. ரயில் தண்டவாளத்தின் மேலும் கீழும் இரும்பு தடித்து நடுவே மெலிந்திருப்பதும் இதே தத்துவம்தான். பாரம் தாங்குவது தகட்டின் வேலை. வெயிலைத் தடுப்பது நுரையின் வேலை. ஒரே பலகையில் இரண்டு வேலையும் முடிந்துவிடுகிறது.

அது குளிர் நாட்டுக்காரன் கணப்பு வெப்பம் வெளியே போகாமலிருக்கச் செய்த பொருளாயிற்றே, நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ப்ளாஸ்க்கில் வெந்நீரையும் ஊற்றி வைக்கலாம். ஐஸையும் போட்டு வைக்கலாம். வெப்பத்தை மறிக்கும் பொருளுக்கு அது உள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்ற பேதமில்லை.

நம் நாட்டிலும் இம்முயற்சிகள் நடந்திருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013-ல் கண்ணாடி இழை கலந்த ஜிப்சம் பலகைகளால் நான்கு குடியிருப்புகள் கொண்ட இரண்டடுக்குக் கட்டடம் ஒரே மாதத்தில் எழுந்தது. உரத் தொழிற்சாலையில் மலையாகக் குவியும் ஜிப்சம் கழிவுதான் அப்பலகைக்கு மூலப்பொருள். 2021 ஜனவரி 1 அன்று இந்தியாவின் ஆறு நகரங்களில் புதிய முறை வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அவற்றுள் சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் முன்வார்ப்புக் கான்கிரீட் முறையில் கட்டப்பட்டு 2022 மே 26 அன்று திறக்கப்பட்டன. இந்தூரில் 1,024 வீடுகளுக்கு எடுத்துக்கொண்ட முறை நம் சாண்ட்விச் பலகை. இரும்புச் சட்டத்தின் இடையே பொருத்தும் அப்பலகையின் இருபுறமும் மெல்லிய இழை சிமெண்ட் அட்டை. நடுவே தெர்மாகோல் மணிகளும் சிமெண்டும் மணலும் சேர்ந்த கலவை. அந்தக் கலவையில் இன்னொரு பொருளும் உண்டு: அனல் மின் நிலையத்து உலர் சாம்பல்.

இதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை என்னென்பேன்! எந்த நிலக்கரி எரிந்து நம் ஊரைச் சூடாக்குகிறதோ, அதன் சாம்பலே வீட்டைக் குளிர்விக்கும் சுவருக்குள் போய் உட்கார முடிகிறது. நம் தெருவில் சாம்பல் கல் விற்கிறார்கள். சாம்பல் பலகை விற்கும் நாளும் வரக்கூடாதா?

ஆயாவின் பாய்

படித்ததோடு நிற்க மனம் வரவில்லை. சென்ற மே மாத விடுமுறையில், கடைத்தெருவில் தூக்கி எறிந்த பெட்டிகளிலிருந்து தெர்மாகோல் அட்டைகளைச் சேகரித்தேன். எங்கள் வீட்டின் ஒரே அறையில் பாதிக்கு மட்டும், அடுப்புக்கு எட்டாத பக்கமாக, சீட்டுக்குக் கீழே மூங்கில் பிளாச்சு கட்டி அவற்றைப் பொருத்தினேன். தந்தையார் ஏணியைப் பிடித்துக்கொண்டார். துறையில் அனுமதி பெற்று எடுத்துச் சென்ற இரண்டு வெப்பமானிகளை இரு பாதியிலும் ஒரே உயரத்தில் தொங்கவிட்டேன். பிற்பகல் 3 மணிக்கு ஒன்று 42 டிகிரி காட்டியது, மற்றொன்று 38.5.

இது தூய்மையான சோதனை என்று சொல்லமாட்டேன். நடுவே சுவரில்லை, காற்று இருபுறமும் கலந்துகொண்டிருந்தது. ஆனால் வெப்பமானியைப் பார்த்து நான் குறிப்பேட்டில் எழுதி நிமிர்வதற்குள், ஆயா தம் பாயைச் சுருட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து படுத்துவிட்டார். அவருக்கு எழுபது வயதைக் கடந்துவிட்டது. கோடையில் இரத்த அழுத்தம் தாறுமாறாகும். போன ஆண்டு ஒரு பிற்பகலில் மயங்கி விழுந்து, ஒருநாள் முழுதும் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தார். 2024-ல் நம் மாநில அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததைச் செய்தித்தாளில் படித்தபோது எனக்கு ஆயாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

மின் சிக்கனம் என்று நாம் பேசும்போதெல்லாம் ஏசி வைத்திருப்பவர்களையே எண்ணிக்கொள்கிறோம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதைத் தாண்டாத எங்கள் வீட்டில் சிக்கனம் செய்ய என்ன இருக்கிறது? ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, ஒரு மிக்ஸி. சீட்டு வீட்டில் வெயிலுக்கான கட்டணத்தை மின்வாரியம் வாங்குவதில்லை, உடம்பு கட்டுகிறது. ஏசி உள்ளவனுக்கு வெப்பக் காப்பு பணத்தை மிச்சப்படுத்தும். ஏசி இல்லாதவனுக்கு அது உயிரை மிச்சப்படுத்தும். யாருக்கு அது முதலில் வேண்டும் என்று நண்பர்களே, நீங்களே சொல்லுங்கள்.

மூன்று இஸ்திரிப் பெட்டிகள்

‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம் 2024-ல் தொடங்கியது. 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் எட்டு இலட்சம் கான்கிரீட் வீடுகள், வீட்டுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய் என்பது அதன் இலக்கு. 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். பட்டியலில் எங்கள் பெயரும் வந்தபோது வீட்டில் அன்று பாயசம். தளம் போடும் வேலை நெருங்கியதும் நான் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

நான்கு அங்குலக் கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சுமார் 4 வாட் வெப்பத்தை உள்ளே விடும். 300 சதுர அடி என்பது 28 சதுர மீட்டர். கோடைப் பிற்பகலில் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். உள்ளே 35 என்று கொள்வோம். பெருக்கினால் 2,800 வாட். அதாவது, ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் மூன்றை அறைக்குள் போட்டுவிட்டுப் படுத்திருப்பதற்குச் சமம். அதே தளத்தின் மேல் இரண்டு அங்குல நுரை அட்டையைப் பதித்துவிட்டால் 4 வாட் என்பது 0.6 ஆகிவிடும். 2,800 வாட் சுமார் 400 வாட்டாகும். பெட்டிகள் மூன்றும் போய், ஒன்றில் பாதிகூட மிஞ்சாது. வெயில் நாளெல்லாம் ஒரே அளவில் அடிப்பதில்லை, கான்கிரீட் வெப்பத்தைத் தேக்கி வைக்கும் என்பதையெல்லாம் சேர்த்தால் எண்கள் சற்று மாறும், வித்தியாசம் மறையாது. குடியிருப்புகளுக்காக மத்திய ஆற்றல் திறன் செயலகம் 2018-ல் வெளியிட்ட விதித்தொகுப்பு, கூரைக்கு 1.2 வாட்டுக்கு மேல் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்!

தந்தையாரிடம் காகிதத்தைக் காட்டினேன். அவர் எண்களைப் பார்க்கவில்லை, தளத்தைப் பார்த்தார்.

“அந்தக் காலத்துல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூணு அங்குலம் போட்டு இடிப்போம் பாப்பா. மேல தட்டோடு பதிப்போம். பானையைக் கவுத்து வெச்சுத் தளம் போட்டதும் உண்டு. அதெல்லாம் சூடு தாங்காம செஞ்சதுதானே?”

உண்மைதான். அதற்கும் கணக்குப் போட்டேன். சுண்ணாம்புத் தளம் போட்டால் 4 வாட் 3-க்குச் சற்றுக் கீழே இறங்குகிறது. மூன்று இஸ்திரிப் பெட்டிகள் இரண்டாகின்றன. கவிழ்த்த பானைக்குள்ளும் அடைபட்ட காற்றுதான். முறை சரியே, இன்றைய வெயிலுக்கு அளவு போதவில்லை.

அடுத்து அவர் கேட்டது ஒரு கொத்தனார் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி.

“அட்டைக்கு அடியில தண்ணி பூந்துட்டா? அது எப்பக் காயும்?”

இந்தக் கேள்விக்கு விடை தேட எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. முதலில் தளத்தின் மேல் நீர் கசியாத பூச்சு. அதன் மேல் நீரை உறிஞ்சாத, அழுத்தம் தாங்கும் கெட்டி வகை நுரை அட்டை. அதன் மேல் கம்பி வலையோடு சிமெண்ட் கலவை, வாட்டம் பார்த்து. கடைசியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடு. கடைகளில் கூலிங் டைல்ஸ் என்று கேட்டாலே கொடுக்கிறார்கள். இது சாண்ட்விச் பலகையேதான்; கீழ்த்தகடு கான்கிரீட், மேல்தகடு ஓடு, நடுவே நுரை. தொழிற்சாலையில் செய்யாமல் நம் கொத்தனார்களே மாடியில் நின்று செய்கிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

பலகை வீட்டிலும் குறைகள் உண்டு. அவற்றை மறைப்பது அறிவியல் ஆகாது. தெர்மாகோல் தீப்பிடித்தால் உருகி நச்சுப் புகை விடும். ஆகவே அடுப்பு எரியும் வீட்டில் அதைத் திறந்தபடி விடவே கூடாது. சிமெண்டுக்குள் மூடியாக வேண்டும். நான் கட்டிய சீட்டடி அட்டையையும் அளவெடுத்த பின் கழற்றிவிட்டோம். மேல்நாட்டு மரத்தகடு நம் ஈரக் காற்றுக்கும் கரையானுக்கும் தாங்காது. சிமெண்ட் அட்டையே நமக்கு ஏற்றது. பலகை இலேசானது, எனவே ‘தானே’யைக் கண்ட நம் கடற்கரை மாவட்டத்தில் அதை இரும்புச் சட்டத்தோடு இறுகப் பிணைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரெதிர் சன்னல்கள் வேண்டும். வெயிலை வெளியே நிறுத்திவிட்டு, அடுப்புச் சூட்டையும் மூச்சுச் சூட்டையும் உள்ளே பூட்டி வைத்தால் என்ன பயன்? பணமே இல்லாதவர்கள் மாடிக்குச் சுண்ணாம்பு வெள்ளையாவது கெட்டியாக அடிக்கலாம். விழும் வெயிலில் பாதிக்கு மேல் அதுவே திருப்பி அனுப்பிவிடும்.

பணம் என்ற இடத்தில்தான் எங்கள் வீட்டுப் பேச்சும் நின்றது. கையிலிருக்கும் தொகைக்கு ஒன்றுதான் முடியும்: தரைக்கு டைல்ஸ், அல்லது தளத்துக்கு நுரை அட்டை. வீட்டுக்கு வருபவர்கள் தரையைப் பார்ப்பார்கள். மாடிக்குள் புதைந்த அட்டையை யார் பார்க்கப் போகிறார்கள்? தந்தையார் தயங்கினார். எத்தனையோ பேர் வீட்டில் பளபளக்கும் தரை போட்டவர், தம் வீட்டில் சிமெண்ட் தரையோடு குடிபுக வேண்டும் என்றால் தயக்கம் இராதா? அம்மாதான் முடித்து வைத்தார்.

“தரைக்கு அப்புறம் போட்டுக்கலாம். ஆயா படுக்குற எடம் சூடா இருந்தா டைல்ஸ் என்னாத்துக்கு? பாப்பா சொல்றத மேல போடுங்க.”

இப்போது தந்தையார் தம்மோடு வேலை செய்யும் கொத்தனார்கள் இருவரை அழைத்து, தளம் வார்த்த பின் எது எதன் மேல் வரும் என்று தரையில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறார். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு என்னிடம் இன்னும் முழு விடையில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

தோழர்களே!

எட்டு இலட்சம் வீடுகள் என்பது எட்டு இலட்சம் தளங்கள். இவ்வீடுகளில் பத்தில் ஒன்றில் மட்டும் நாளை ஏசி வந்தாலும், அவை ஒரே நேரத்தில் ஓடினால் 120 மெகாவாட் வேண்டும். ஓய்வுபெற்ற முதல் மின் நிலையத்தின் பெரிய எந்திரம் ஒன்றின் திறனே 100 மெகாவாட்தான். அந்த மின்சாரத்துக்கும் எங்கோ மண் அள்ளியாக வேண்டும். மற்ற ஒன்பது வீடுகளில் ஏசி வராது. அங்கே ஆயாக்களும் கைக்குழந்தைகளும் ஐம்பது ஆண்டுகளுக்கு அந்தத் தளத்தின் கீழே கிடப்பார்கள்.

நம் கல்லூரியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்றவர்களே. நம் தெருவில்தான் கொத்தனார் இருக்கிறார். நம் உறவில்தான் யாரோ ஒருவர் பேஸ்மட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். லீ தட்டுச் சோதனையின் விடையைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்குவதோடு அதன் வேலை முடிந்துவிட வேண்டுமா? பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், வேதியியல் துறையும் இயற்பியல் துறையும் சேர்ந்து ஒரு கோடையில் பத்துத் தளங்களை அளந்து, எளிய தமிழில் ஒரு துண்டறிக்கையாக ஊராட்சிகளுக்குக் கொடுக்க முடியும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுவதோடு ஒரு மாடிக்கு வெள்ளையும் அடிக்க முடியும்.

நுரை அட்டையைத் தளம் போட்ட பிறகும் பதிக்கலாம்தான். ஆனால் தண்ணீர் வடியும் வாட்டமும், கைப்பிடிச் சுவரின் உயரமும், தளம் தாங்க வேண்டிய பாரமும் முதலிலேயே பார்த்து வைக்க வேண்டியவை. கிரகப்பிரவேசம் முடிந்த வீட்டில் மாடிக்கென்று மறுபடி பணம் எடுப்பவர் எவருமில்லை. ஆகவே உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது வீடு கட்டினால், சென்ட்ரிங் அடிக்கும் முன்னால் ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.